செத்த காலேஜும் அடகுச் சீட்டும்

1

சென்னைப் பாமர ஜனங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு காலத்தில் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. படித்தவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மியூசியம் என்ற ஸ்தாபனத்தைப் பற்றித் தமிழில் செய்யப்பட்ட காத்திரமான விமர்சனம் இந்த இரண்டு வார்த்தைகளில் முடிந்துவிட்டது என்றும், அதற்குப் பிறகு நாம் அதில் அதிகமாக எதையும் சேர்த்துவிடவில்லை என்றும் எனக்குப் படுகிறது.

1851இல் அந்த மியூசியம் ஆரம்பித்தது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர் அதற்குப் பொறுப்பு. எழும்பூருக்கு இடம் மாறிய பிறகு, கூட்டம் சேர்வதற்காக உயிருள்ள மிருகங்களையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார். பிற்பாடு மிருகங்கள் தனியாகப் பிரிந்து போயின. ‘காலேஜ்’ என்ற சொல் அந்தப் பழைய கட்டடத்திலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். ஆனால் ஜனங்கள் அதை விடாமல் வைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். காலேஜ் என்றால் துரைமார்கள் நமக்குப் பாடம் நடத்தும் இடம். ஒன்றில் பாடப்பொருள் மூச்சு விடும். இன்னொன்றில் விடாது. இரண்டிலும் பார்க்கப் போனவன் பேசக்கூடாது.

சில சமயம் பார்க்கப் போனவனே பாடப்பொருளாகவும் ஆனான். 1885 முதல் 1908 வரை அங்கே சூப்பரின்டென்டென்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ அவருடையது. அதில் சாலியர்களும் உண்டு. அகர வரிசையில் ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் நடுவில் எங்கள் முன்னோர்கள் குண்டூசி குத்திய பூச்சி மாதிரி இருக்கிறார்கள். இன்றைக்குச் சாதிச் சங்கத்தின் ஆண்டு மலர்களில் தங்கள் பெருமைக்குச் சான்றாக அந்தப் பக்கங்களையே எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அளந்தவன் கொடுத்த அளவையே அடையாளமாக அணிந்துகொள்வது நமக்குக் கஷ்டமாக இல்லை. கலாசார அடையாளம் என்று மேடைகளில் பேசப்படுவதில் ஒரு கணிசமான பகுதி இந்த ரகம்தான்.

2

போன வருஷம் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழடிக்குப் போனேன். அவருக்கு எழுபத்துநாலு வயது. அருப்புக்கோட்டையில் ஐம்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். மதுரை போய் பஸ் மாறிப் போனோம்.

கீழடி விஷயத்தில் நான் அலட்சியமாகப் பேசத் தயாராக இல்லை. 2015இல் மத்தியத் தொல்லியல் துறை அந்தத் தென்னந்தோப்பில் தோண்ட ஆரம்பித்ததும், அதை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2017இல் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டதும், மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைக் கையில் எடுத்துக்கொண்டதும், 2019இல் வெளியான அறிக்கை அந்த இடத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனதும் எல்லோருக்கும் தெரியும். அமர்நாத் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி 2025இல் துறை திருப்பி அனுப்பியது. ஒரு பானை ஓட்டின் வயதைப் பற்றி டில்லிக்கு இவ்வளவு கவலை இருக்குமானால், அந்த ஓடு முக்கியமானதுதான். ‘ஆதன்’ என்று ஒரு சாதாரண மனிதன் தன் பானையில் கீறி வைத்த பெயரை நம் எழுத்தாகப் பார்க்கும்போது உடம்பில் ஏற்படுகிற ஒன்றை வெறும் இனப் பெருமை என்று ஒதுக்க என்னால் முடியாது.

2023 மார்ச் 5ஆம் தேதி திறக்கப்பட்ட அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. நாங்கள் போன அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கிராமத்துப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கோயிலுக்கு வருகிற முகத்தோடு வந்திருந்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் ஜனங்களுக்கு ஒரு பொது இடத்தில் மரியாதையோடு நிற்பதற்கு வேறு முகம் பழக்கமில்லை.

நெசவு சம்பந்தப்பட்ட பொருள்கள் இருக்கும் இடத்துக்கு வந்தோம். சுட்ட மண் தக்களிகள், கூராக்கிய எலும்பு முனைகள். தக்களி என்று நான் சொல்வது கதிரின் அடியில் கோர்க்கிற வட்டு. நூல் முறுக்கேறுவது அதன் சுழற்சியில். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

‘என்ன பெரியப்பா?’

‘எடை தெரியலயேப்பா. கையில எடுத்துப் பாத்தாத்தான என்ன நம்பர் நூல் நூத்தான்னு சொல்ல முடியும்.’

கனமான வட்டில் சன்ன நூல் நூற்க முடியாது, இழை தாங்காமல் அறுந்துவிடும் என்று அவர் அதைக் கண்ணாடிக்கு வெளியே கையால் சுற்றிக் காட்டி விளக்கினார். அந்தக் கூடத்தில் அன்றைக்கு அந்தப் பொருளைப் பற்றி அர்த்தமுள்ள கேள்வி கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அதைக் குறித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. எடை ஆய்வாளர்களின் குறிப்பேட்டில் நிச்சயம் இருக்கும். நூற்றவனின் வம்சத்தில் வந்தவனுக்குச் சொல்ல வேண்டிய தகவலாக அது காட்சிப் பலகையை வந்தடையவில்லை.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். கிரேக்கத் தாழியைப் பார்த்து கீட்ஸ் எழுதிய கவிதையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அந்தக் கவிஞனும் கேள்விகள்தான் கேட்கிறான். இந்த உருவங்கள் யார், எந்த ஊர், எங்கே போகிறார்கள் என்று. தாழி என்ன கனம், யார் அதைச் சக்கரத்தில் ஏற்றியது, அதில் என்ன ஊற்றினார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் அந்தக் கவிதையின் அழகு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ‘அருங்காட்சியகம்’ என்று நாம் உண்டாக்கிக்கொண்ட சொல்லிலும் இதே மனோபாவம் இருக்கிறது. அரிதாக இருக்க வேண்டும். காட்சியாக இருக்க வேண்டும். தொடுவதற்கும் தூக்கிப் பார்ப்பதற்கும் அந்தச் சொல்லுக்குள் இடமில்லை.

3

பெரியப்பாவின் தறி பதினைந்து வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. அப்போது நான் காலேஜில் இருந்தேன். விசைத்தறியோடு போட்டி போட முடியாமல் கூலி நெசவு கட்டுப்படியாகவில்லை. மகன்களில் ஒருத்தனும் குழியில் இறங்கத் தயாராக இல்லை. படமரத்தையும் கால்களையும் விறகுக்கடைக்காரன் எடை போட்டு எடுத்துக்கொண்டான். தறிக் குழியை மண் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசி, அந்த இடத்தில் டி.வி. ஸ்டாண்டு வைத்தார்கள். தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவது அதற்கு முன்பே நின்று போயிருந்தது. கஞ்சி வாடையும் தறிச் சத்தமும் இல்லாத தெருவில் இன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன.

கீழடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் மனசில் ஓடியது இந்தக் கணக்குதான். இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துத் தக்களிக்குக் கண்ணாடிப் பெட்டி. ஐம்பது வருஷத்துத் தறிக்கு விறகுக்கடை. தமிழர் நெசவு அறிந்தவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று மண்ணைத் தோண்டுகிறோம். அதே நெசவை அறிந்த கடைசி மனிதர்கள் மண்ணுக்கு மேலே, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டையில் 2022 முதல் தோண்டிச் சங்கு வளையல்களை எடுத்தார்கள். அதைப் பற்றி அருப்புக்கோட்டை டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். கமலை இறைத்த கூனையும் தோல் வாலும் கடைசியாக எந்த வீட்டில் இருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. திருச்சுழிப் பக்கம் கிணறுகளே தூர்ந்து, சீமைக்கருவேல் முளைத்துக் கிடக்கின்றன.

பழமை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சௌகரியம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் நாம் எல்லோரும் தமிழர். அங்கே கூலி பாக்கி இல்லை, தெருப் பிரிவினை இல்லை, அல்லது இருந்ததாக மண் இன்னும் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தறியைக் காட்சிக்கு வைத்தால், நூல் கொடுத்த முதலாளி யார், அச்சுக்கூலி எவ்வளவு பிடித்தான், எந்தத் தெருக்காரன் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்ற விஷயங்களும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். கிட்டத்துப் பழமைக்கு மியூசியம் கட்ட நாம் தயங்குவது பண விஷயம் மட்டுமல்ல.

4

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் படித்திருப்பார்கள். கரிசல் காட்டு ஏழை வீடு ஒன்றின் கதவு. குழந்தைகள் அதில் ஏறிப் பஸ் விளையாடுகிறார்கள். அப்பன் பிழைக்கப் போன இடத்திலிருந்து தகவல் இல்லை. தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாடை அடிக்கிற வீட்டில் கைக்குழந்தை சீக்கு வந்து செத்துப்போகிறது. பிறகு ஒருநாள் பையன் அந்தக் கதவைச் சாவடிப் பக்கம் பார்த்துவிடுகிறான். வெயிலிலும் மழையிலும் கிடந்து கரையான் ஏறிய கதவு. பிள்ளைகள் அதைத் துடைத்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

இதை வறுமைக் கதை என்றும், குழந்தை மனத்தின் கதை என்றும் சொல்லியாகிவிட்டது. மியூசியத்தைப் பற்றிய கதையாகவும் இதைப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன். ஒரு பொருள் வீட்டிலிருந்து கழற்றப்படுகிறது. அதிகாரத்தின் வாசலில் சேர்க்கப்படுகிறது. அங்கே அதற்கு உபயோகம் இல்லை. ஆனால் அது யாருடையது என்ற கேள்வி தீர்ந்துவிட்டதாக அதிகாரம் நினைக்கிறது. சாவடிக்குப் பதிலாக ஒரு நல்ல மியூசியம் அதை எடுத்துப் போயிருந்தால் கரையான் ஏறியிருக்காது. மருந்து பூசி, வெளிச்சம் போட்டு, ‘மரக் கதவு, கரிசல் வட்டாரம், இருபதாம் நூற்றாண்டு’ என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பையன் ஓடிவந்து கட்டிக்கொள்ள முடியாது. ‘தொடாதீர்கள்’ என்று பலகை இருக்கும்.

சாவடியில் கதவு அழிந்துகொண்டிருந்தது. ஆனால் அடையாளம் கண்டுகொள்ளப்பட்டது. மியூசியத்தில் அது அழியாது. அடையாளம் காண வேண்டியவன் அங்கே வந்துசேர மாட்டான். அடையாளம் என்ற சொல்லைக் கலாசாரக் கூட்டங்களில் நாம் பெயர்ச்சொல்லாகவே உபயோகித்து உபயோகித்துப் பழகிவிட்டோம். அது முதலில் ஒரு வினை. ‘இது நம்ம வீட்டுக் கதவு’ என்று ஒரு குழந்தை கண்டுபிடிக்கிற காரியம் அது. மியூசியத்துக்குச் சமூக வாழ்வில் ஒரு வேலை உண்டு என்றால் இந்தக் காரியம் நடக்க விடுவதுதான்.

5

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. செத்த காலேஜை உயிர் காலேஜ் ஆக்கிவிடலாம் என்பது. 1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நெசவாளி வீடும் உண்டு. அந்த முயற்சியில் இருக்கிற உழைப்பும் அக்கறையும் நிஜமானவை. அவர்கள் எடுத்திருக்காவிட்டால் அந்த வீடுகளும் விறகுக்கடைக்குத்தான் போயிருக்கும். ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம். கூட்டம் பார்ப்பதற்காகச் செய்யப்படும் வேலையில் வேலையின் நியாயம் மாறிவிடுகிறது. பெரியப்பாவை அங்கே ஒரு குழியில் உட்கார வைத்தால் அவர் நன்றாகவே நெய்வார். நெய்த துணி யாருக்கு என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ‘பார்வையாளருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. துரைமார்கள் காலத்து உயிர் காலேஜுக்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய இருக்கிறது. போதுமான அளவு இருக்கிறதா என்பது என் சந்தேகம்.

எதிர்த் தரப்பில் இன்னொரு வாதம் உண்டு. என் நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், முகத்துக்கு நேராகவே கேட்டார்: ‘ஒங்க பெரியப்பா மகன்களுக்கு இல்லாத துக்கம் ஒமக்கு எதுக்கு வேய்?’ இது சாதாரணக் கேள்வி இல்லை. அந்தக் குழி பெரியப்பாவின் முழங்காலைத் தின்றது. தார் சுற்றியே பெரியம்மா கண்பார்வை மங்கினாள். தறியை விற்ற அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஒரு சமூகத்துக்கு எதைக் காப்பாற்ற உரிமை உண்டோ அதே அளவு எதைக் கைவிடவும் உரிமை உண்டு. கைவிட்டவனின் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அவன் கைவிட்டதை நினைத்து உருகுவது மத்தியதர வர்க்கப் பொழுதுபோக்கு. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாயசத்தையும் சேர்த்துச் சொல்லாத தறி மியூசியம் பொய் சொல்லும்.

6

நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு கிடைத்தது அங்கேதான்.

எங்கள் கிளையில் நகைக்கடன் அதிகம். வானம் பார்த்த பூமி. விதைப்புக்கு நகை உள்ளே வரும், பருத்தியும் மிளகாயும் விலை போனால் வெளியே போகும். சில வருஷங்களுக்கு முன்னால் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி தண்டட்டி கொண்டுவந்து வைத்தாள். வடித்த காது வெறுமையாகத் தோள் வரை தொங்கிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற அரக்குக்கு எடை கழித்தார். பாட்டி சண்டை பிடித்தாள். ‘அரக்கு இல்லாம அது எப்படிய்யா நிக்கும்? அதையும் சேத்துத்தான காதுல மாட்டுனேன்’ என்றாள். வங்கியின் கணக்கில் அரக்குக்கு மதிப்பில்லை. நானும் கழித்த எடையைத்தான் எழுதினேன்.

பையில் போட்டு, முத்திரை வைத்து, எண் எழுதி, இரும்பு அறையில் வைத்தோம். அந்த அறைக்குள் போகும்போது எனக்கு அடிக்கடி தோன்றும், அருப்புக்கோட்டையின் உண்மையான மியூசியம் இதுதான் என்று. இந்த வட்டாரத்தின் தண்டட்டி, பாம்படம், அட்டிகை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. எண் இருக்கிறது, எடை இருக்கிறது, வெளிச்சமும் பார்வையாளரும்தான் இல்லை. மியூசியத்தில் இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது. சீட்டு. பொருள் எங்களிடம் இருக்கலாம். சீட்டு பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் நாங்கள் காவல்காரர்கள்தான்.

அந்தத் தண்டட்டி மீட்கப்படவில்லை. நோட்டீஸ் போயிற்று, தவணை முடிந்து ஏலத்துக்குப் போயிற்று. ஏலத்தில் எடுக்கிறவர்கள் உருக்கத்தான் எடுப்பார்கள். அரக்கு கரைந்து கீழே வழிந்திருக்கும். விதி எதுவும் மீறப்படவில்லை. விதிப்படி நடந்ததால்தான் அதை மறக்க முடியவில்லை.

மியூசியத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான். அங்கே இருக்கும் பொருள் விற்று முடிந்ததா, அடகில் இருக்கிறதா? ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ பிற்பாடு எடுத்தவை எழும்பூருக்கு வந்தன. பொருநைக் கரைக்காரர்கள் கையில் ஒரு சீட்டும் இல்லை. கீழடிப் பொருள்கள் தோண்டிய மண்ணிலேயே தங்கியது அந்த வகையில் பெரிய காரியம். சீட்டில் பாதி எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். மீதிப் பாதி என்னவென்றால், அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நெசவாளியோ குயவரோ கேள்வி கேட்கவும், பதில் சொல்லவும், தேவைப்பட்டால் ஒரு தக்களியின் நகலையாவது கையில் வாங்கி எடை பார்க்கவும் வழி இருப்பது. ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டில் அவர் சொன்னதும் ஒரு வரியாக ஏறுவது. கழித்த அரக்கையும் கணக்கில் எழுதுவது. இதற்குப் பதினெட்டுக் கோடி வேண்டாம். அருப்புக்கோட்டையில் மூடிக் கிடக்கும் ஏதாவது ஒரு நெசவுக் கூடத்தில், ஒரு தறி, அதைப் பூட்டத் தெரிந்த இரண்டு கிழவர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதை நாமே செய்யலாம் என்பதால்தான் செய்யாமல் இருக்கிறோமோ என்னவோ.

7

தறியைப் பிரித்த அன்று பெரியப்பாவிடமிருந்து நாடாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக அது என் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க உபயோகப்படுகிறது. பார்க்க வரும் இலக்கிய நண்பர்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்து ‘அழகாக இருக்கிறது’ என்பார்கள். நானும் ஒரு பலகை எழுதி வைக்காத குறைதான்.

கீழடி போய்வந்த அன்று ராத்திரி பெரியப்பா என் வீட்டில் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தவர் மேஜைப் பக்கம் நின்று நாடாவை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

‘துரு ஏறியிருக்கேப்பா. தேங்காயெண்ண தடவ மாட்டியா?’

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘நீங்களே எடுத்துட்டுப் போங்க பெரியப்பா’ என்றேன்.

‘அங்க எங்க வைக்க? ஒங்கிட்டயே இருக்கட்டும்’ என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ‘வேணும்னா வந்து வாங்கிக்கிறேன்’ என்றார்.

இதுவரை வந்து கேட்கவில்லை. எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.